உரையிழந்தார் பொருட்டு உரைப்பார் யாவர்?

யாக்கை நிலையாதென்பது நம் சமய நூல்கள் பலவிடத்தும் வற்புறுத்தும் உண்மையாகும். ஆயினும் அவ்யாக்கை நீங்குங்காலத்து அருகிருப்போர் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்னும் வினா முன்னாளிற்போல இந்நாளில் எளிதன்று. முன்னையோர் மூச்சு ஒடுங்கியது கண்டு உயிர் நீங்கிற்றெனத் தெளிந்தனர். இக்காலத்தோ வெண்டிலேட்டர் என்னும் கருவி, தாமே மூச்சுவிட இயலாதாரது நுரையீரலிற் காற்றினைச் செலுத்தி, நாட்கணக்கிலும் திங்கட்கணக்கிலும் உடம்பினை நிறுத்திவைக்கின்றது. அதனாற் பிழைத்தெழுந்து இல்லம் மீள்வோர் பலர். எழாது கிடப்போரும் உளர். பின்னவர்திறத்தில் "இனிப் போதும்" என்றல் அறமோ, அறமாயின் அதனைக் கூறும் உரிமை யாருக்கு என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். நம் ஆதீனங்களைச் சார்ந்தார்க்கு இஃது ஒருவாற்றான் மிக அண்மையதோர் ஆராய்ச்சி என்பது பின்னர்ப் புலனாம்.

நாட்டுச் சட்டம் நிற்கும் நிலையை முதற்கண் சுருங்கக் கூறுவாம். 1996-ஆம் ஆண்டில் கியான் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றத்து ஐவர் ஆயம், உயிர்வாழும் உரிமையுள் சாகும் உரிமை அடங்காதென முடிவு செய்தது. 2018 மார்ச்சு 9-இல், காமன் காஸ் என்னும் சங்கத்தார் தொடுத்த வழக்கில், மற்றோர் ஐவர் ஆயம், மீளா நோயுற்றாரது இறப்பைத் தள்ளிவைப்பதன்றிப் பிறிதொரு பயனுமில்லாத சிகிச்சையை நிறுத்துதல் மாட்சியோடு இறத்தலின்பாற்படும் என்றும், அறிவு தெளிவாயிருக்குங்கால் ஒருவர் தம் விருப்பத்தை முன்னரே எழுதிவைப்பின் அது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. மருந்தூசியால் உயிரைப் போக்குதல் முன்போலவே குற்றமாம். ஆயம் வகுத்த நெறிமுறை முட்டுப்பாடு மிக்கதாயிருந்தமையின், 2023 சனவரி 24-இல் அதனை எளிதாக்கினர்.

இதற்கு நம்மவருட் சிலர் ஒரு தடை கூறுவர். உடம்பு பிராரத்த வினைக்கு ஈடாக வந்தது. அவ்வினை நுகர்ந்தன்றிக் கழியாது. ஆதலின் கருவியை நீக்குதல் வினைநுகர்ச்சியை இடைமுறித்தலாம் என்பது அவர் கூற்று. அற்றன்று. இக்கூற்று வலியுடைத்தாயின், நோயும் வினைப்பயனேயாகலின், மருந்து கொடுத்தலே கூடாதென முடியும். சூலைநோயால் வருந்தி வந்த தம்பியாரை, அது நின் வினை, பொறுத்திருவென்று திலகவதியார் போக்கினாரல்லர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, ஆளுடைய பிள்ளையார் பதிகம் பாடி அதனைத் தீர்த்தருளினார். அன்றியும், கருவியைப் பூட்டியதும் மக்கட் செயலே. பூட்டுதல் வினைக்கு இயைந்தது, அகற்றுதல் மட்டும் மாறானது என்றல் எங்ஙனம் பொருந்தும்? வினைகளை உயிர்க்கு ஊட்டுவோன் இறைவன். ஒருவர் ஒரு விசையின்மேற் கைவைத்தலான் அவன் ஆணை பிறழுமென அஞ்சுவார், அவனது முற்றறிவையே ஐயுறுவோராவர்.

அற்றேல், கொலையுண்டானும் தன் வினைவழியே மாண்டான் என்று கொலைஞன் தப்புவானோ எனின், தப்பான். மாண்டது அவன் பிராரத்தம். கொன்றது இவன் ஆகாமியம். பிறனுக்கு வருவது அவனவன் ஊழால் வருமெனினும், அது வருதற்கு யாம் எக்கருத்தோடு கருவியாயினோம் என்பது எம் கணக்கிற் சேரும். ஆகவே இவ்வாராய்ச்சியில் நோயாளியின் வினையைக் கணக்கிடும் முயற்சி வீண்; ஆராயத்தக்கது அருகிருப்போர் நெஞ்சமே.

இனி மற்றொரு சாரார், உணர்வு மீளாதவர் மரத்தை ஒப்பர், மரத்தைப் பேணுவதெற்றுக்கு என்பர். இதனையும் சித்தாந்திகள் ஒப்புதல் அரிது. சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தை ஓதினார், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதையும், அஃது ஐந்தவத்தைப்படுவதென்பதையும் அறிவர். நனவின்கண் முப்பத்தைந்து கருவிகளோடு நின்ற புருடன், கனவில் இருபத்தைந்தோடும், சுழுத்தியில் மூன்றோடும், துரியத்திற் பிராணனொன்றோடும் நின்று, துரியாதீதத்தில் மூலாதாரத்தே தனித்தொடுங்கும். கருவி கழன்ற உயிர் அறியாதுகிடப்பினும் உயிரேயாம், சடமாகாது. ஆதலின் கட்டிலில் விழிப்பின்றிக் கிடப்பாரை, அவர் இப்போது ஆளல்லர் என்னுங் காரணத்தாற் கைவிடுதல் நம் நூற்கொள்கைக்கு முற்றும் மாறு. (மூளைத்தண்டு மாண்டாரை இறந்தாரெனவே 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் கொள்ளும், அது வேறொரு வினா.) சிகிச்சையை நிறுத்துதற்கு ஏற்ற காரணம் ஒன்றே: அது நோயைத் தீர்க்கும் ஆற்றலும் துன்பத்தைக் குறைக்கும் ஆற்றலும் ஒருங்கே இழந்து, உடம்பை வருத்துதல் மட்டுமே செய்கின்றது என்பது. பயனிழந்தது மருந்தேயன்றி மனிதரல்லர்.

இவ்வேறுபாட்டை நூலறிவின்றியே செயலிற் காட்டினார் சிலர் உளர். மும்பையிலுள்ள கே. ஈ. எம். மருத்துவமனையிற் செவிலியாயிருந்த அருணா சான்பாக் என்பார், 1973 நவம்பரில் அம்மருத்துவமனைப் பணியாளன் ஒருவனாற் கழுத்திற் சங்கிலி இறுக்கப்பட்டு, மூளை குருதியின்றிக் கெட, அன்றுமுதல் உணர்வு தெளியாது கிடந்தார். அவரைச் செவிலியர் தலைமுறை தலைமுறையாகக் குளிப்பாட்டி ஊட்டிப் பேணினர். அவருக்கு ஊட்டுதலை நிறுத்துமாறு எழுத்தாளர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். 2011 மார்ச்சு 7-இல் நீதிமன்றம் அதனை மறுத்தது. மறுத்ததினும் மறுத்த முறையே எம் உள்ளத்தைக் கவர்ந்தது. பேசவியலாதார் பொருட்டுப் பேசும் அணுக்க நண்பர் யாவர் என வினவி, அவரைப்பற்றி நூலெழுதி இரக்கத்தோடு வழக்குத் தொடுத்தவரல்லர், நாடோறும் தொண்டு செய்த மருத்துவமனையாரே அவர் என்று நீதிபதிகள் விடைகண்டனர். 2015 மே 18-இல் நுரையீரலழற்சியால் அவ்வம்மையார் தாமே மறைந்தார். வழக்கு நிகழ்ந்தகாலத்து அவர்பால் மூச்சுக்கருவி ஏதும் பூட்டப்பட்டிலது. ஊட்டிய உணவே அவரைத் தாங்கிற்று. கருவியை நீக்குதலும் கவளத்தை நிறுத்துதலும் ஒன்றெனக் கொள்ளுதற்கு யாம் இசையோம்; செவிலியர் மறுத்தமை தக்கதே.

இதற்கு நேர்மாறாயதொன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. விருதுநகர், மதுரை முதலிய தென்மாவட்டச் சிற்றூர் சிலவற்றில், மூப்பாற் படுக்கையுற்றாரை எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டி, இளநீரைப் பலகால் புகட்டிக் காய்ச்சலுண்டாக்கி மாய்க்கும் வழக்கம் தலைக்கூத்தல் எனப்படும். செய்வோர் உற்ற பிள்ளைகளே. சொல்லும் சொல்லும் இரக்கச்சொல்லே. உள்ளே கிடப்பது வறுமையும் சலிப்பும், சிலவிடத்து நிலத்தின்மேல் வைத்த கண்ணுமாம். குருதித் தொடர்பு ஒன்றே ஒருவர்பொருட்டுப் பேசும் தகுதியைத் தாராதென்பதற்கு வேறு சான்று வேண்டா. நகரத்து மருத்துவமனைகளிற் கட்டணம் கட்ட மாட்டாது சொல்லப்படும் "போதும்" என்பதையும் யாம் மறந்திலோம். அஃது அவர் குற்றமன்று. அரசினரும் செல்வரும் நாணத்தக்கது.

இனி ஆதீனங்களுக்கு வருவாம். எழுதிவைத்த ஆணை இல்லையாயின், மருத்துவர் நோயாளியின் உறவினரையோ, அணுக்க நண்பரையோ, காப்பாளரையோ இசைவு கேட்டல்வேண்டும் என்பது சட்டம். பூர்வாசிரமத்தைத் துறந்தாராகிய ஒரு தம்பிரான் சுவாமிகள் உணர்விழந்து தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடப்பின் யாரைக் கேட்பர்? முப்பது ஆண்டு முகங்காணாத தமையனார் மகன் வந்து கையொப்பமிடுதல் முறையோ? உடனிருந்து உணவளித்து உடையுடுத்திய அணுக்கத் தொண்டர் வாயிலில் நின்றுவிடுதல் முறையோ? மும்பைச் செவிலியர்திறத்து நீதிமன்றம் கண்ட உண்மை நம் மரபிற்குப் புதிதன்று. தொண்டினாற் பிறக்கும் கிளைமையே அடியார்க்குக் கிளைமை. எனினும் நெருக்கடிப்பொழுதில் மருத்துவர் மரபை ஆராய்ந்துகொண்டிரார், தாளையே கேட்பர். ஆதலின் துறவோர் ஒவ்வொருவரும், தலைமைப் பீடத்துள்ளாரும் உட்பட, அவ்வாணையை எழுதிவைத்தல் இன்றியமையாததென யாம் துணிகின்றோம்.

ஈண்டு ஒன்று சொல்லக் கூசினும் சொல்லாதிருத்தல் ஆகாது. தமக்குப்பின் பீடமேறுதற்குரியாரையே தம்பொருட்டுப் பேசுவாராகப் பெயர்குறித்தல், அவர் எத்துணைத் தூயராயினும், நன்றன்று. அவர் "போதும்" என்னின் ஊர் ஒன்று சொல்லும். "வேண்டும்" என்னின், அப்பழிக்கு அஞ்சிச் சொன்னதாகலுங் கூடும். இடையே கிடந்து வருந்துவார் பெரியவரே. 2023-ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவரின் மேற்பட்டாரைக் குறிக்க இடந்தருதலின், பெறுவதற்கும் இழப்பதற்கும் ஒன்றுமில்லாத தொண்டர் இருவரைக் குறித்தல் நலம்.

ஆணை இருந்தாலும் ஒருவர் சொல்லே முடிவாகாது. சிகிச்சை செய்யும் மருத்துவரும் ஐந்தாண்டுக்குக் குறையாத பயிற்சியுடைய வல்லுநர் இருவரும் அடங்கிய முதற்குழு ஆராயும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி குறிக்கும் ஒருவரையுடைய இரண்டாங்குழு அதனை உறுதிசெய்யும். நிறுத்துமுன் நீதித்துறை நடுவருக்கும் அறிவித்தல்வேண்டும். இவற்றை வீண் தடையென எண்ணற்க. தனியொருவர் ஆகாமியம் புகும் வழியை இவை பெரிதும் அடைக்கின்றன.

சிகிச்சையை நிறுத்தியபின் தொண்டு நின்றுவிடுதல் கூடாது. புற்றுநோய் முதலியவற்றின் வலிக்கு மார்பின் என்னும் மருந்து பெரிதும் உதவுவது. போதைப்பொருட் சட்டத்தின் கட்டுப்பாட்டால் அது நெடுங்காலம் அரிதாயிருந்து, 2014-ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஒருவாறு எளிதாயிற்று. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் இராசகோபால் முதலியோர் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், அண்டை அயலாரையே தொண்டராக்கி நோயாளியின் இல்லந்தோறும் செல்லும் நெறியைக் காட்டிற்று. மடங்களின் மருத்துவசாலைகளில் இதற்கென நாலைந்து கட்டில் ஒதுக்குதல் பெருஞ்செலவன்று. வலி தணிந்தாலன்றி ஐந்தெழுத்தை நினைதலும் எளிதன்று.

எழுதும் முறை எளிதே. அகவை பதினெட்டு நிரம்பித் தெளிவுடையார் ஒருவர், எந்நிலையில் எச்சிகிச்சை வேண்டா என்பதை விளங்க எழுதி, தம்பொருட்டுப் பேசுவார் பெயரைக் குறித்து, சான்றினர் இருவர்முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டு அதிகாரியிடம் சான்றொப்பம் பெறுதல்வேண்டும். பின்னர் மனம் மாறின் எப்பொழுதும் மாற்றலாம். ஒரு படியைக் குறித்த தொண்டரிடமும், ஒன்றை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும், ஒன்றை மடத்துக் காறுபாறு அவர்களிடமும் கொடுத்துவைக்க. பூசைப்பெட்டியுள் வைத்துப் பூட்டற்க. வேண்டும்பொழுது அதனைத் திறப்பார் இரார்.