மரியாதையும் பண்பும்: குறள்வழி ஒரு நோக்கு

மரியாதை எனும் வடசொல்லின் முதற்பொருள் எல்லை என்பதாகும். நாகரிகம் எனும் சொல் நகர் அடியாகப் பிறந்தது. ஆங்கிலக் 'கர்ட்டசி'யும் அரசவையைக் குறிக்கும் சொல்லினின்று தோன்றியதே. எனவே, இச்சொற்களின் பிறப்பிலேயே இடமும் தகுதிநிலையும் உறைந்துள்ளன எனலாம். தமிழில் நீ, நீர், தாங்கள் எனும் முன்னிலை வழக்கும் தகுதிநிலையைப் பேச்சில் நிலைநிறுத்துகிறது. வயதில் மூத்த உழைப்பாளியை ஒருமையில் விளிப்பவரே மேலலுவலர்முன் பன்மை பிறழாது பேசுவதை இன்றும் காணலாம். இதனைப் பண்பெனக் கொள்ளல் தகுமா?

வள்ளுவர் வேறோர் அடிப்படையைக் காட்டுகிறார். பண்புடைமை (அதி. 100) அதிகாரத்தின் முதற்குறள், எல்லாரிடத்தும் எளிதில் அணுகத்தக்கவராய் இருத்தலே பண்புடைமையை அடையும் வழி என்கிறது. இங்குத் தகுதிநிலை வரையறை நீங்குகிறது. கண்ணோட்டம் (அதி. 58) அதிகாரத்தின் இறுதிக்குறளோ நாகரிகம் எனும் நகர்சார் சொல்லையே எடுத்தாள்கிறது, பழகியோர் நஞ்சு இடக் கண்டும் மறுக்காது உண்டு அமைவோர் விரும்பும் இயல்பாக அதனை ஆக்குகிறது. புறத்தோற்றத்தைக் குறிக்கத்தக்க சொல் அகத்தின் இரக்கத்தைக் குறிப்பதாகிறது.

இதனால், வணக்கமும் பன்மை விளியும் வேண்டா என்பது கருத்தன்று. அவை பண்பின் வடிவங்களே. பண்பின் சான்றுகள் அல்ல. பணிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லாதவிடத்து ஒருவர் நடந்துகொள்ளும் முறையே அதன் சான்றாகும்.