ஜன்னல் இல்லாத விமானமும் மீன் செத்த குளமும்

1934 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், தனியார் நிறுவனங்களிடம் இருந்த விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அந்த வேலையை ராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தார். கடும் குளிர்காலம். எங்கும் பனிமூட்டம். தரையைப் பார்த்தே ஓட்டிப் பழகிய இளம் விமானிகள் மேகத்துக்குள் நுழைந்ததும் மேலே எது, கீழே எது என்று புரியாமல் திணறினார்கள். சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வேறு வழி தேடிய ராணுவம், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவரிடம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

லிங்க்கின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் ஆலை நடத்தியவர். அந்த ஆலையில் கிடைத்த துருத்திகளையும் காற்றுக்குழாய்களையும் வைத்து, 1929-இல் லிங்க் ஒரு சிறிய போலி விமானத்தைச் செய்தார். பயிற்சி பெறுபவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும், மூக்கை உயர்த்தும். முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான். ராணுவம் வாங்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் விமானப் படையினர் லிங்க் பெட்டியில் பயின்றிருந்தார்கள்.

மெய்நிகர் உலகத்தில் கற்பது என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது, கண்ணை மூடிக் கட்டிய வி.ஆர். ஹெட்செட்டும் அதற்குள் விரியும் வண்ணக் காட்சியும்தான். லிங்க் பெட்டிக்குள் காட்சி என்று எதுவுமே கிடையாது. மேலே ஒரு மூடி இருக்கும். அதை இழுத்துச் சாத்தினால் உள்ளே இருட்டு, எதிரே சில முட்கள் அசையும் கருவிகள், அவ்வளவுதான். ஆனாலும் அது கற்பித்தது. மேகத்துக்குள் மனிதனின் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும்போது, நேராகப் போகிறோம் என்று உடம்பு அடித்துச் சொல்லும். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு முள் சொல்வதை நம்பப் பழக வேண்டும். இந்தப் பழக்கத்துக்குக் காட்சி தேவையில்லை. நாம் ஒன்று செய்தால் முள் அதற்கேற்ப நகர வேண்டும். தவறாகச் செய்தால் தவறாக நகர வேண்டும். மெய்நிகர் உலகம் என்று ஒன்றை நான் ஏற்றுக்கொள்வதற்கு இதைத்தான் முதல் நிபந்தனையாக வைப்பேன்: அந்த உலகம் நம் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

லிங்க் பெட்டியில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பெட்டிக்கு வெளியே ஆசிரியருக்கு ஒரு மேசை. அதில் ஒரு வரைபடம். அதன்மேல் மை தோய்ந்த சக்கரத்தோடு ஒரு சிறு கருவி ஊர்ந்து போகும். அதை அவர்கள் நண்டு என்று அழைத்தார்கள். உள்ளே இருப்பவர் எந்தத் திசையில் எவ்வளவு நேரம் பறந்தார் என்பதை அது கோடாக இழுத்துவிடும். பயிற்சி முடிந்து மூடியைத் திறந்து வெளியே வந்ததும் இருவரும் அந்தக் கோட்டின் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். எந்த இடத்தில் திரும்பினாய், ஏன் திரும்பினாய்? அங்கே உன் முள் என்ன காட்டியது? பாடத்தின் பாதி இந்தப் பேச்சில்தான் நடந்தது என்று நினைக்கிறேன். இதற்குப் பின் வந்த மெய்நிகர் வகுப்புகளில் வென்றவை எவை, வீழ்ந்தவை எவை என்று பார்க்கும்போதெல்லாம், ஆசிரியர் மேசையில் இந்தக் கோடு இருந்ததா என்பதே கேள்வியாக வந்து நிற்கிறது.

கணினி வலைகள் வந்த பிறகு பலர் கூடி வாழும் மெய்நிகர் உலகங்கள் பிறந்தன. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 1978-இல் தொடங்கிய விளையாட்டு உலகம் முழுக்க எழுத்தால் ஆனது. அறையைப் பற்றிய வாக்கியம் திரையில் வரும், வடக்கே போ என்று நாம் தட்டச்சு செய்வோம். அந்த வழியில் வந்தவர்தான் எம்.ஐ.டி.யின் ஏமி புருக்மன். 1990-களின் நடுவே அவர் குழந்தைகளுக்காக மூஸ் கிராசிங் என்ற எழுத்து உலகத்தை உருவாக்கினார். அங்கே குழந்தைகள் தாங்களே அறைகள் கட்டினார்கள், செல்லப் பிராணிகளைப் படைத்தார்கள். அவை அசைய நிரல் எழுதினார்கள். அழகான முயற்சி. ஆனால் பின்னாளில் புருக்மனும் அவருடைய குழுவினரும் அந்தக் குழந்தைகள் எழுதியவற்றைப் பொறுமையாக எடுத்து ஆராய்ந்தபோது, சில குழந்தைகள் வியக்கத்தக்க நிரல்களை எழுதியிருந்தார்கள், பலர் ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை என்று தெரிந்தது. சுதந்திரம் கொடுத்தால் எல்லாக் குழந்தைகளும் தானாகக் கற்றுவிடுவார்கள் என்பது நடக்கவில்லை. அந்த முடிவை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃப் உலகத்தைத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் அங்கே தீவுகளை வாடகைக்கு எடுத்தன. 2006-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி ஒரு பாடத்தின் ஒரு பகுதியை அங்கேயே நடத்தியது. கட்டடங்கள் எழுந்தன. எதைக் கட்டினார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். பல நிறுவனங்கள் தங்கள் வளாகத்தின் நகலையே கட்டின. அவதார்கள் பறக்கக்கூடிய உலகத்தில் மாடிப்படிகள்; மழைக்கு ஒதுங்கத் தேவையில்லாத இடத்தில் கூரைகள்; கால் வலிக்காத உடம்புகளுக்கு வரிசையாக நாற்காலிகள்; நாற்காலிகளுக்கு எதிரே ஒரு திரை, திரையில் பவர்பாயிண்ட். மாணவரின் அவதார் உட்கார்ந்திருக்கும், விரிவுரை ஓடும். அவர் அந்த உலகத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்தாலும் பதில் சொல்ல அங்கே எதுவும் இல்லை. அதே விரிவுரையை ஒரு காணொளியில் கேட்டிருந்தால் இணைய வேகமாவது மிச்சமாகியிருக்கும்.

அதே உலகத்தில் வேறொரு கட்டடமும் இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ், மனச்சிதைவு நோயாளிகளிடம் நேரில் கேட்டறிந்த அனுபவங்களைக் கொண்டு ஒரு மருத்துவமனை வார்டை அங்கே அமைத்தார். உள்ளே நடந்தால் காதருகே குரல்கள் பேசும். சுவரொட்டியில் இருக்கும் சொற்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வசைச்சொற்களாக மாறும். தரை விலகிக் காலடியில் மேகம் தெரியும். நூற்றுக்கணக்கானோர் உள்ளே போய் வந்தார்கள். நோயாளிகள் படும் அவதி ஓரளவு புரிந்தது என்று பெரும்பாலானோர் எழுதினார்கள். இதை எந்தக் கரும்பலகையிலும் எழுதிக் காட்ட முடியாது. ஆனால் இதிலும் கவனம் வேண்டும். இத்தகைய போலி மாயக்காட்சிகளை அனுபவித்தவர்களுக்கு இரக்கம் கூடுவது போலவே, நோயாளியிடமிருந்து விலகி இருக்கும் எண்ணமும் கூடலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பயந்து வெளியே வருபவரை உட்கார வைத்துப் பேச ஓர் ஆசிரியர் இல்லாவிட்டால், அந்த வார்டு தன் நோக்கத்துக்கு எதிராகவே வேலை செய்துவிடும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உலகம் ஒரு குளம். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியில் கிறிஸ் டீடும் டீனா குரோட்சரும் அவர்கள் குழுவினரும் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய ஈகோமூவ் என்ற பாடத்தின் பகுதி அது. சாதாரணப் பள்ளிக் கணினியில் ஓடும். மாணவர்கள் குளக்கரையில் நடக்கலாம், மீன்களைப் பார்க்கலாம், ஒரு சிறிய நீர்மூழ்கியில் ஏறி நுண்ணுயிர்களின் அளவுக்குச் சுருங்கி நீருக்குள் போகலாம். நாட்காட்டியில் தேதியை மாற்றினால் அந்த நாளின் குளம் கண்முன் வரும். கோடையின் நடுவே ஒருநாள் போய்ப் பார்த்தால் பெரிய மீன்கள் செத்துக் கிடக்கின்றன. ஏன்? இதுதான் பாடம்.

மாணவர்களின் முதல் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: யாரோ விஷம் கலந்துவிட்டார்கள், பக்கத்தில் எவனோ எதையோ கொட்டிவிட்டான். மனித மனம் காரணத்தை, நடந்த இடத்திலும் நடந்த நேரத்திலும்தான் தேடும். உண்மைக் காரணம் வேறு இடத்தில், வேறு நாளில் இருக்கிறது. குளத்துக்கு மேலே இருக்கும் குடியிருப்பில் புல்தரைக்கு உரம் போட்டார்கள். மழை பெய்தது. உரத்திலிருந்த பாஸ்பேட் ஓடிவந்து குளத்தில் சேர்ந்தது. பாசி பெருகியது. பெருகிய பாசி செத்தது. செத்ததைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகின; அவை நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்தன. வெப்பமும் மேகமூட்டமும் காற்றில்லாத இறுக்கமும் சேர்ந்த நாட்களில் ஆக்சிஜன் இன்னும் இறங்கியது. அதிக ஆக்சிஜன் தேவைப்படும் பெரிய மீன்கள் இரவில் மூச்சுத் திணறிச் செத்தன. பச்சைப் பாசி படர்ந்த ஏரியையும் கரையொதுங்கிய மீன்களையும் கண்ட நமக்கு இந்தக் கதை அந்நியமல்ல. ஆனால் பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி. அந்தப் பத்தியை மனப்பாடம் செய்தவருக்குத் தேடுவது எப்படி என்று தெரியாது.

குளத்தில் தேடித்தான் ஆக வேண்டும். நால்வர் கொண்ட குழு: ஒருவர் நீரின் வேதியியலை அளப்பார், ஒருவர் நுண்ணுயிர்களை எண்ணுவார், ஒருவர் மீனையும் பறவையையும் கணக்கெடுப்பார், ஒருவர் ஊராரிடம் விசாரிப்பார். தனியாக எவரிடமும் விடை இல்லை. ஆக்சிஜன் குறைந்த தேதியை ஒருவர் சொன்னால்தான் பாக்டீரியா கூடிய தேதிக்கு அர்த்தம் பிறக்கும். கடைசியில் காரணச் சங்கிலியை அவர்களே வரைந்து, சான்று காட்டி, மற்றக் குழுக்களின் முன் வாதாட வேண்டும். பாடம் முடிந்தபின் மாணவர்களின் விளக்கங்கள், ஒரு நிகழ்ச்சியைக் குற்றம் சாட்டுவதிலிருந்து நாட்கணக்கில் நடந்த ஒரு போக்கை விவரிப்பதற்கு நகர்ந்தன என்று அந்தக் குழு பதிவு செய்தது. நிஜக் குளத்தில் இதைச் செய்ய ஒரு கோடைக்காலம் முழுவதும் காத்திருக்க வேண்டும். மீன் சாகும் என்பதற்கும் உறுதி இல்லை. காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதிக்காகவே இங்கே மெய்நிகர் உலகம் தேவைப்படுகிறது. அதே குழு பின்னர் மாணவர்களைக் கைப்பேசியோடும் நீர் அளக்கும் கருவிகளோடும் நிஜக் குளத்துக்கே அழைத்துப் போனது. அந்த முடிவு மிகச் சரியானது.

டீடின் முந்தைய படைப்பான ரிவர் சிட்டியும் இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோய்கள் பரவும் ஒரு நகரம்; மாணவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து மேயருக்குக் கடிதம் எழுத வேண்டும். மாணவர் எங்கே போனார், யாரிடம் பேசினார், எந்த நீரைச் சோதித்தார் என்று எல்லாமே கணினியில் பதிவாயிற்று. லிங்க்கின் நண்டு இழுத்த கோடு இங்கே பல மடங்காக வளர்ந்திருந்தது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த டயான் கெட்டெல்ஹட் ஒரு நல்ல செய்தியைக் கண்டார்: அறிவியல் எனக்கு வரும் என்ற தன்னம்பிக்கை உள்ளவர்கள் தொடக்கத்தில் அதிகத் தரவு சேகரித்தார்கள், நாட்கள் போகப் போக, நம்பிக்கை குறைந்த மாணவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி மறைந்தது. வகுப்பில் கை தூக்காத பிள்ளை அங்கே தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் உலகம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே என்று தோன்றும். சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. 2018-இல் ஜோசலின் பரோங்கும் ரிச்சர்ட் மேயரும் உடலுக்குள் பயணம் செய்யும் ஒரு வி.ஆர். பாடத்தையும் அதே உள்ளடக்கம் கொண்ட ஸ்லைடுகளையும் ஒப்பிட்டார்கள். வி.ஆர். பார்த்தவர்கள் அதிகம் ரசித்தார்கள். ஸ்லைடு பார்த்தவர்கள் அதிகம் கற்றார்கள். 2019-இல் கைடோ மக்ரான்ஸ்கியும் குழுவும் கணினித் திரையில் செய்யும் ஒரு மெய்நிகர் ஆய்வகப் பாடத்தை ஹெட்செட்டில் கொடுத்துப் பார்த்தபோதும் அதுவே நடந்தது: அங்கேயே இருக்கிறோம் என்ற உணர்வு கூடியது, கற்றல் குறைந்தது. கண்ணும் காதும் நிறைந்துவிட்டால், யோசிக்க மனத்தில் இடம் இருப்பதில்லை. இதே பரோங் - மேயர் ஆய்வின் இரண்டாம் பகுதி ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும். வி.ஆர். பாடத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, இதுவரை பார்த்ததை உன் சொற்களில் எழுது என்று சொன்னதும் கற்றல் உயர்ந்தது. மூடியைத் திறந்து வெளியே வந்து கோட்டைப் பார்ப்பது என்று லிங்க் காலத்து ஆசிரியர் செய்ததையே இது வேறு வடிவில் செய்கிறது. ஹெட்செட் வாங்கும் பள்ளிகள், அதைக் கழற்றி வைத்தபின் என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு முதலில் நேரம் ஒதுக்க வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்தைந்து நிமிடம் ஹெட்செட்டுக்குள் போய்விட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. இந்த உலகங்களின் நிலம் ஆசிரியருடையது அல்ல. கூகுள் 2008 ஜூலையில் திறந்த லைவ்லி உலகம் அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. செகண்ட் லைஃபில் கல்வி நிறுவனங்களுக்கு இருந்த 50 சதவீதச் சலுகை நிறுத்தப்படும் என்று 2010 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2013-இல் சலுகை திரும்ப வருவதற்குள் பல கல்லூரிகள் தீவுகளைக் காலி செய்திருந்தன. மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சிலும், மொஸில்லா நடத்திய ஹப்ஸ் 2024 மே மாதத்திலும் மூடப்பட்டன. மாணவர்கள் கட்டியவையும் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் திருத்திச் செப்பனிட்ட பாடங்களும் அப்படியே போகக்கூடியவை. 2007-இல் தொடங்கிய ஓப்பன்சிமுலேட்டர் என்ற திறந்த மூல மென்பொருளில் ஒரு முழு நிலப்பகுதியையும் ஒரே கோப்பாகச் சேமித்து, வேறொரு கணினியில் மறுபடி விரிக்கலாம். அதில் காட்சி அவ்வளவு பளிச்சென்று இருக்காது. சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். ஆனாலும் ஒரு பள்ளி என்னிடம் யோசனை கேட்டால், ஹெட்செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.