பந்தாட்டமும் நம் ஈமானும்



2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை. அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளியின் தூணோரம் அமர்ந்திருந்தோம். புதுவை முல்லா வீதிப் பக்கத்து வாலிபர் ஒருவர் வந்து அருகில் உட்கார்ந்தார். நல்ல பிள்ளை, தொழுகையாளி. முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். கேட்டால் கோபிக்க மாட்டீர்களே?" என்றார். "கேளுங்கள் தம்பி" என்றோம்.

"மொராக்கோ ஜெயிக்க வேண்டும் என்று அழுது துஆ கேட்டேன். என்னைப் போல் எத்தனை இலட்சம் பேர் கேட்டிருப்பார்கள்! வென்ற போதெல்லாம் அவர்கள் மைதானத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார்கள். அப்படிப்பட்டவர்களை அல்லாஹ் ஏன் தோற்க விட்டான்?"

கத்தார் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தைப் பற்றித்தான் அவர் கேட்டார். ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வென்று, ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் அரையிறுதிக்கு வந்த முதல் அணி என்ற பெருமையைப் பெற்றது மொராக்கோ. அந்த அரையிறுதியில் எதிரே நின்றது பிரான்சு. நம் நாட்டுக் கணக்கில் 15ஆம் தேதி பின்னிரவு 12:30 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். 2-0 என்று பிரான்சு வென்றது.

மற்ற ஊர்களில் இது ஓர் ஆட்டம், அவ்வளவே. நம் புதுவையில் அப்படியன்று. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து அகன்றது. 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ளலாம் என்று வழி விடப்பட்டது. அதனால் இன்றும் நம் வீதிகளில் சொல்தா வீடு என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் அங்கிருந்து வரும், பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே. அந்த வாலிபரின் குடும்பமும் அத்தகையதே. அவருடைய அண்ணன் பிரான்சில் வேலை பார்க்கிறார். ஆட்டம் முடிந்த கையோடு அண்ணன் மகிழ்ச்சியில் போன் செய்திருக்கிறார். தம்பியோ ஆத்திரத்தில், "முஸ்லிம் நாடு தோற்றதற்குச் சந்தோஷப்படுகிறாயே, நீ முனாபிக்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பேச்சில்லை.

சகோதரர்களே! இதைக் கேட்டதும் துஆவைப் பற்றிய சந்தேகம் நமக்குச் சிறிதாகிவிட்டது. அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் தைத்தது. ஒருவன் தன் சகோதரனைக் காஃபிர் என்று அழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவர் மீது திரும்பியே தீரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை புகாரீ, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். முனாபிக் என்ற சொல் அதற்கு இளைத்ததா? நரகத்தின் அடித்தட்டு யாருக்கென்று குர்ஆன் ஷரீஃப் கூறுகிறது? அந்தப் பட்டத்தை ஒரு தோல் பந்துக்காக உடன்பிறந்தவருக்குச் சூட்டுவதா!

"தம்பி, பிரான்சு அணியில் அன்று ஆடியவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள்" என்றோம். மளமளவென்று சொன்னார். உஸ்மான் டெம்பெலே, இப்ராஹீம் கொனாத்தே என்று வந்ததும் தாமே நிறுத்திக் கொண்டார். அவர்கள் கலிமாச் சொன்னவர்கள் அல்லவா? அவர்களும் ஆட்டத்துக்கு முன் கையேந்தியிருந்தால் ரப்பு யாருடைய துஆவை ஏற்பது? மொராக்கோவின் பயிற்சியாளர் வலீத் ரக்ராகி பிறந்ததே பிரான்சில்தான். அணித் தலைவர் ஸாயிஸும் அங்கே பிறந்தவரே. இவர்களைக் குஃப்ரு என்றும் இஸ்லாம் என்றும் இரண்டாகக் கோடு கிழித்தது நம் தொலைக்காட்சிப் பெட்டியே தவிர, தீன் அல்ல.

விளையாட்டில் பக்கம் சேர்வது குற்றமா என்று சிலர் கேட்கலாம். இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. அஸ்லம் கூட்டத்தார் சிலர் அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்தார்கள். அவ்வழியே வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், இஸ்மாயீல் (அலை) அவர்களின் மக்களே, உங்கள் தந்தையும் அம்பெய்பவராக இருந்தார், எய்யுங்கள் என்று உற்சாகமூட்டி, இரு அணிகளில் ஓர் அணியின் பெயரைச் சொல்லி, தாம் அந்தப் பக்கம் என்றார்கள். உடனே மறு அணியினர் கையைக் கட்டிக் கொண்டார்கள். ஏன் எய்யவில்லை என்று கேட்டதற்கு, தாங்கள் அவர்களோடு இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றார்கள். அப்போது அந்தக் கருணைக் கடல், எய்யுங்கள், நான் உங்கள் எல்லோருடனும் இருக்கிறேன் என்றார்கள். புகாரீ ஷரீஃபில் உள்ள செய்தி இது. பக்கம் சேர்ந்ததையும் பாருங்கள், அது ஒருவர் மனத்தைச் சுட்டது என்று கண்டதும் அதை விட்டுவிட்டதையும் பாருங்கள்.

தோல்விக்கும் அங்கே விடை உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை ஓட்டத்தில் வென்றது கிடையாது. ஒரு நாள் பட்டிக்காட்டு அரபி ஒருவர் இளம் ஒட்டகமொன்றில் வந்தார், முந்திவிட்டார். ஸஹாபாப் பெருமக்களுக்கு அது தாங்க முடியவில்லை. நம் வாலிபருக்கு மொராக்கோ தோற்றபோது இருந்த அதே முகம்தான் அன்று அவர்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். அந்த முகங்களைக் கண்ட அண்ணலார் (ஸல்), உலகில் உயர்ந்த எந்தப் பொருளையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் மீதுள்ள ஹக்கு என்று கூறினார்கள். தோற்றது யாருடைய ஒட்டகம்? அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்களின் ஒட்டகம்! அதற்காக ஒரு ஸஹாபியின் ஈமான் அசைந்ததா? உஹதில் உண்மையான போரிலேயே நமக்குக் காயம் பட்டதே, அப்போது மட்டும் துஆக்கள் இல்லாமலா இருந்தன? முஃமினின் துஆ வீணாவதில்லை. கேட்டது கிடைக்கும், அல்லது ஒரு தீங்கு விலகும், அல்லது மறுமைக்குச் சேமிப்பாகும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அழுது கேட்ட அந்த இரவின் துஆவை வாலிபர் மறுமையில் கண்டு கொள்வார். கோலாகத்தான் வர வேண்டும் என்று நாம் யார் கட்டளையிட?

அதே ஆண்டு நவம்பரில் கேரளத்தில் ஒரு செய்தி பரபரப்பானது. புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி உருவப் பலகை நிறுத்தினார்கள். பிரேசில் இரசிகர்கள் பொறுப்பார்களா? நெய்மாருக்கு அதைவிட உயரமாக நிறுத்தினார்கள். பிறகு ரொனால்டோ. சமஸ்தாவைச் சேர்ந்த குத்பா கமிட்டியின் உலமாக்கள், ஜும்ஆப் பேருரையில் இந்த மோகத்தைப் பற்றி எச்சரிக்குமாறு கதீபுமார்களைக் கேட்டுக் கொண்டார்கள். விளையாடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. தொழுகை தவறுவதையும், பணத்தை விரயம் செய்வதையும், ஆட்டக்காரரை ஆராதிப்பதையுமே கண்டித்தார்கள். நம் புதுவை ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாஹி அந்தக் கேரளத்தின் நடுவேதான் இருக்கிறது. ஆகவே அது அயல்வீட்டுச் செய்தியன்று. வீண் விரயம் பற்றி அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் மலபாரில் அக்கிரமம் செய்த போர்ச்சுகீசியரின் கொடியைப் பிடிக்கலாமா என்று கேட்டதில் நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. அக்கிரமம் நடந்தது மெய். ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே கணக்கில் பார்த்தால், பிரெஞ்சுப் பென்ஷனில் அடுப்பெரியும் நம் வீடுகளுக்கு என்ன ஃபத்வா கொடுப்பது? பாட்டன் செய்த பாவத்தைப் பந்தடிக்கும் பேரன் தலையில் ஏற்றுவது சரியாகப் படவில்லை.

நம் பெயரிலேயே ஓர் அணியும் உண்டு. கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1891இல் தோன்றி, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. வெள்ளையர் அணிகளை வீழ்த்தி அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்திய அணி அதுவே. அக்காலத்து முஸ்லிம்கள் எவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பார்கள்! அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் 2024இல் அதே கழகம் இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தபோது பயிற்சியாளராக இருந்தவர் ஒரு ருஷ்யர். பெயர் முகம்மதன் என்பதற்காக அதன் வெற்றி தோல்வியில் இஸ்லாத்தின் வெற்றி தோல்வியைத் தேடலாமா?

தேடினால் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு எகிப்தைப் பாருங்கள். 2012 பிப்ரவரி 1, போர்ட் ஸயீது நகரம். இரண்டு கழகங்கள் ஆடின. ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தார் மீது பாய்ந்தார்கள். 74 ஜனாஸாக்கள்! இரு பக்கத்து வீடுகளிலும் ஒரே பாங்குதான் கேட்கும். நம் கல்கத்தாவிலேயே 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இரு அணி இரசிகர்களின் மோதலில் 16 உயிர்கள் போயின. கொலம்பியாவில் 1994இல் எஸ்கோபார் என்பவர் தவறித் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொன்றார்கள். இதற்கு அரபியில் அஸபிய்யத்து என்று பெயர், கண்மூடிய கட்சி வெறி. ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரைப் பின்புறத்தில் உதைத்துவிட்டார். இவர் அன்ஸாரிகளே என்று கூவினார், அவர் முஹாஜிர்களே என்று கூவினார். எவ்வளவு அழகிய இரண்டு பெயர்கள்! குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். ஆயினும் கட்சி கட்டக் கூவியபோது, அதை விடுங்கள், அது நாற்றமெடுத்தது என்றார்கள் நாயகம் (ஸல்). அன்ஸாரி என்ற பெயருக்கே அந்தத் தீர்ப்பு என்றால் அர்ஜென்டினாவுக்கு என்ன தீர்ப்பு?

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். 2006இல் நாம் மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்த காலம். அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஜிதான் என்றால் எங்களுக்கு உயிர். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இறுதியாட்டம் இரவு 11:30க்கு. நாங்கள் நால்வர் மதிலேறிக் குதித்து, எதிரே ஒரு டீக்கடையில் பார்த்தோம். ஜிதான் எதிராளியின் மார்பில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டதையும், பிரான்சு தோற்றதையும் கண்டு திரும்பிப் படுத்தபோது மணி இரண்டுக்கு மேல். சுபுஹு கழாவாகிவிட்டது. ஓதும் பிள்ளைகள் நால்வருக்குச் சுபுஹு கழா! உஸ்தாது அவர்கள் அடிக்கவில்லை. "யார் ஜெயித்தது?" என்று கேட்டார்கள். "இத்தாலி" என்றோம். "நீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் அந்த ஒரு சொல் காதைவிட்டுப் போகவில்லை.

மதீனாவில் ஒரு ஜும்ஆ நாளில் வணிகக் கூட்டம் வந்த ஓசை கேட்டு, பெருமானார் (ஸல்) அவர்களை நின்ற நிலையில் விட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். எஞ்சியவர் பன்னிருவர். வணிகத்தையும் வேடிக்கையையும் விட அல்லாஹ்விடம் உள்ளது மேலானது என்று ஆயத்து இறங்கியது. சூரத்துல் ஜும்ஆவின் கடைசி ஆயத்து அது. 2026 உலகக் கோப்பைக்கு உரிய நாடுகள் அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ. அங்கே மாலை என்றால் இங்கே சுபுஹு. தாய்மார்களே, கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்! பார்க்காதே என்று பிள்ளைகளை விரட்ட வேண்டாம். ஈத் நாளில் ஹபஷிகள் பள்ளியில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்களே நின்று காட்டினார்கள். ஆட்டத்துக்கு எழுப்பிவிடச் சொல்லும் பிள்ளையிடம், எழுப்புகிறேன், முதலில் ஒளு என்று சொல்லிப் பாருங்கள்.

வாலிபரிடம் இன்னொன்றும் கேட்டோம். "மொராக்கோவின் பதினொருவரையும் தெரியுமா?" தெரியும் என்றார். மாற்று ஆட்டக்காரர்கள், யாருக்கு எந்தக் காலில் காயம் என்பது வரை தெரிந்தது. "சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மரைச் சொல்லுங்கள்." நான்கு கலீஃபாக்கள் சடுதியில் வந்தார்கள். தல்ஹா (ரலி), ஸுபைர் (ரலி) சற்று யோசித்து வந்தார்கள். ஸஅது (ரலி) அவர்களோடு வண்டி நின்றது. மனிதன் தான் நேசிப்பவர்களோடு இருப்பான் என்ற ஹதீஸை அவருக்குச் சொன்னோம். அதைக் கேட்டு அடைந்த மகிழ்ச்சியைப் போல் வேறெதிலும் அடைந்ததில்லை என்று அனஸ் (ரலி) கூறுகிறார்கள். தம்பி தலைகுனிந்து கேட்டுக் கொண்டார்.

"அண்ணனோடு எப்போது பேசப் போகிறீர்கள்?"

"நாளை இரவு குரோஷியாவோடு மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் இருக்கிறது ஹஜ்ரத். அது முடியட்டும்."

"முஸ்லிமை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஹலால் இல்லை. வியாழன் அதிகாலையில் சண்டை போட்டீர்கள். கணக்கை நீங்களே பாருங்கள்."

சனிக்கிழமை மக்ரிபுக்குப் பின் வெளிப்பள்ளியில் நின்று அவர் போன் செய்ததைக் கண்டோம். அங்கே பகல் ஒன்றரை மணி இருக்கும். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக் கொண்டு, "உம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டாராம். வெகுநேரம் பேசினார்கள். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை.