பேரின்பம்



நமது அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1732-ம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக நம் சொற்களை வகுத்து வைத்தார். இத்தாலியில் பிறந்த சந்நியாசியே இவ்வளவு பாடுபட்டாரென்றால், நாம் வாயில் வழங்கும் சொல்லின் பொருளைச் சற்றாவது சிந்திக்க வேண்டாமா?

"பேரின்பம்" என்பதைப் பாருங்கள். பெருமையும் இன்பமும் சேர்ந்த சொல் அது. அதற்கு எதிரிடை சிற்றின்பம். முந்திரிக்கொட்டை விற்ற காசைக் குடித்துத் தீர்ப்பவனும், "ஒரு சந்தோஷத்துக்குத்தான் சாமி" என்கிறான். அந்தச் சந்தோஷம் விடியுமுன் தீர்ந்துபோம். அவன் பிள்ளைகளின் பசி தீராது. பேரின்பத்தையோ நாம் மரித்தவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டோம். மோட்சத்துக் காரியம், இப்போது நமக்கென்ன என்றிருக்கிறோம்.

சேசுநாதர் அப்படிப் போதிக்கவில்லை. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் உண்டு. காணாமற்போன ஆட்டைக் கண்டெடுத்தவன் சிநேகிதரை அழைக்கிறான். காசைக் கண்டெடுத்தவள் அண்டை வீட்டாரை அழைக்கிறாள். மகனைத் திரும்பப் பெற்ற தகப்பன் விருந்து வைக்கிறான். ஒருவரும் தனித்து மகிழவில்லை. ஒரு பாவி மனந்திரும்பினால் மோட்சமே மகிழும் என்கிறார் ஆண்டவர். ஆகையால் மோட்சத்தின் மகிழ்ச்சிக்கு இங்கேயே, நம் வீட்டு முற்றத்திலேயே, காரணம் உண்டாகிறது.

மூத்த மகனைக் கவனித்தீர்களா? அவன் ஊதாரியல்ல, வயலில் உழைத்தவன். ஆயினும் வீட்டுக்குள் கேட்ட ஆடல்பாடல் அவனுக்குக் கசந்தது. கோபங்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைத்தான். அவன் உள்ளே போனானா? சுவிசேஷம் சொல்லவில்லை. அந்தப் பதிலை நாம்தான் சொல்லவேண்டும்.

ஒரு முழ வரப்புக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் நம்மிடையே இல்லையா? ஒரே பூசைக்கு வருகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேறு வேறு வாசலால் போகிறார்கள். "அவன் முதலில் வரட்டும்" என்று இருவருமே சொல்கிறார்கள். நியாயம் யார் பக்கமும் இருக்கலாம். மூத்த மகனிடத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் விருந்து உள்ளே இருந்தது.

பிரியமானவர்களே, வழக்கைப் பெரியவர்களை வைத்துப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிறுக்கு முன் உங்கள் சகோதரன் வீட்டுப் படியேறி, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அதன் பின் நற்கருணைப் பந்திக்கு வாருங்கள். பேரின்பம் என்ற சொல்லுக்கு அகராதியில் காணாத பொருளை அன்றைக்கு அறிந்துகொள்வீர்கள். ஆமென்.

உங்கள் பங்குசுவாமி