தண்ணீரும் வாக்குமூலமும்



நம் ஊர் மூன்று ஆறுகள் கூடும் ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் இங்கே ஒன்றாகின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் வந்துவிட்டால், பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் போய்விடாதபடி தாய்மார் வாசலிலேயே காவல் இருப்பார்கள். அந்த வெள்ளத்தில் ஒருமுறை அகப்பட்டுப் பிழைத்தவனைக் கேட்டுப்பாருங்கள். அடிபட்ட வலியை மனிதன் நாளடைவில் மறந்துவிடுவான். தண்ணீருக்குள் மூச்சு முட்டிய அந்த அரை நிமிஷத்தை அவன் மறக்கமாட்டான். பல வருஷம் கழித்தும் நடு ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான்.

அந்தப் பயத்தையே ஒரு கருவியாக்கி மனிதனை மனிதன் வதைப்பது உண்டு. அதைப் பற்றி இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். பங்குப் பத்திரிகையில் எழுதுகிற சங்கதியா இது என்று சிலர் நினைக்கலாம். ஜூன் மாதம் சேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட மாதம். அந்த இருதயம் ஈட்டியால் குத்தப்பட்ட இருதயம். அது குத்தப்படுமுன்பே நம் ஆண்டவர் இரவெல்லாம் காவலில் வைக்கப்பட்டார், கன்னத்தில் அறையப்பட்டார், தூணில் கட்டுண்டு அடிபட்டார். அவரிடத்தில் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று சொன்ன அதே பிலாத்து, அடித்து அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னான். இதே ஜூன் 26-ம் தேதியைச் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு ஆதரவு காட்டும் நாளாக உலக நாடுகள் அனுசரிக்கின்றன. ஆகவே இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல.

அந்தக் கொடுமை எப்படிச் செய்யப்படுகிறது என்று சொல்லுகிறேன். ஒருவனைப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டுகிறார்கள். தலைப்பக்கம் தாழ்ந்திருக்கும். முகத்தின்மேல் துணியைப் போட்டு அதன்மேல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நனைந்த துணி மூக்கையும் வாயையும் அடைத்துக்கொள்ளுகிறது. மூச்சை இழுத்தால் காற்று வராது, தண்ணீர்தான் வரும். உடம்பில் காயம் இல்லை, எலும்பு முறிவதில்லை. ஆனால் அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுடைய உடம்பு முழுவதும் அலறுகிறது. அது பொய்யான பயமும் அல்ல. நிறுத்தாவிட்டால் மெய்யாகவே செத்துப்போவான்.

2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி நடந்த தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உளவு இலாகாவாகிய சி.ஐ.ஏ. தன் கைதிகளில் மூன்று பேருக்கு இதைச் செய்தது. 2002 ஆகஸ்டு மாதத்தில் ஒருவருக்கு மட்டும் 83 தடவை. 2003 மார்ச்சு மாதத்தில் இன்னொருவருக்கு 183 தடவை. இது சித்திரவதை ஆகாது என்று அரசாங்க வக்கீல்கள் எழுதிக்கொடுத்தார்கள். நீடித்த வலி இல்லை, காயம் இல்லை, ஆகையால் குற்றமில்லை என்பது அவர்கள் வாதம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், கைதிகளுக்குத் தண்ணீரைக் கொண்டு இதே மாதிரி வதை செய்த ஜப்பானியரை விசாரித்துத் தண்டித்ததும் அந்த நாடுதான். எதிரி செய்தால் சித்திரவதை, நாம் செய்தால் விசாரணை! 2009-ம் வருஷம் ஜனாதிபதி ஒபாமா இதைத் தடை செய்தார். 2014 டிசம்பரில் அந்நாட்டு செனட் சபையின் குழு வெளியிட்ட அறிக்கை, இம்முறைகள் தகவல் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்று முடிவு சொன்னது.

பிரியமானவர்களே, கடலுக்கு அப்பால் நடந்ததைப் படித்து, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம் வாசலில் நடந்ததைக் கேளுங்கள்.

1854-ம் வருஷம் இங்கிலாந்து பார்லிமெண்டில், சென்னை மாகாணத்தில் குடியானவர்களை வதைத்து வரி வாங்குகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. அதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட கமிஷன் ஏற்பட்டது. நம் செங்கற்பட்டு ஜில்லாவும் அந்த மாகாணத்தைச் சேர்ந்ததே. வெகு தூரத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து முறையிட்டார்கள். 1855-ம் வருஷம் அறிக்கை வெளியாயிற்று. கட்டைகளின் நடுவே விரலை வைத்து நெருக்கும் கிட்டி, மனிதனை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள், வெயிலில் நிறுத்துதல், தூங்கவிடாமல் வைத்தல், கண்ணில் மிளகாய் இடுதல் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்று உண்டு: பாதி மூச்சு போகும் வரையில் கிணற்றிலும் ஆற்றிலும் அமுக்குதல். பலகையும் துணியும் பின்னால் வந்த நாகரிகம். நம் ஜனங்களுக்கு நம் கிணறும் நம் ஆறுமே போதுமானதாக இருந்தது.

அந்த அறிக்கையின் பலனாகச் சில காரியங்கள் நடந்தன. வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவராக இருந்த வழக்கம் மாறி, 1859-ல் சென்னையில் போலீசுக்குத் தனிச் சட்டம் வந்தது. ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ஒருவனை வதைப்பது குற்றம் என்று 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் சொன்னது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியாக வைக்கக்கூடாது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது. அச்சட்டங்களின் இடத்தில் இப்போது வந்திருக்கும் புதிய சட்டங்களும் அதையே சொல்லுகின்றன. அடித்து வாங்கிய வார்த்தைக்கு மதிப்பில்லை என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் தேசத்தில் சட்டமாகிவிட்டது.

அப்படியிருந்தும் நடந்தது என்ன? 2020-ம் வருஷம் ஜூன் 19-ம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று சொல்லி, சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். நாலைந்து நாளைக்குள் தகப்பனும் பிள்ளையும் இறந்துபோனார்கள். 2025-ம் வருஷம் அதே ஜூன் மாதத்தில், நகை காணாமல் போன புகாரின்பேரில் மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமாரை விசாரித்தார்கள். அவரும் அடிபட்டு இறந்தார். ஒரு கடை, ஒரு நகை! இவற்றுக்காக மூன்று உயிர்கள்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தப் பாவம்.

சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன், வேறொரு நெசவு ஊரில் நான் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு மார்க் சரிகை காணாமல் போயிற்று. அங்கே தறியில் உட்கார்ந்த ஒரு பையன்மேல் சந்தேகம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பூசைக்குத் தவறாதவர். அவர் என்னிடம் வந்து, “சுவாமி, நீங்கள் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் நாலு தட்டு தட்டி விசாரிப்பார்கள். அடியாத மாடு படியாது” என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “பார்த்துச் செய்யுங்கள்” என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பையன் வந்தான். தண்ணீர்த் தொட்டியில் முகத்தை அமுக்கி அமுக்கி எடுத்தார்களாம். எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டான். எங்கே விற்றாய் என்று கேட்டதற்கு ஒரு தெருவையும் ஒரு கடையையும் சொன்னான். போய்ப் பார்த்தால், அந்தத் தெருவில் அப்படி ஒரு கடையே இல்லை. அவன் தாய் என்னிடம் வந்து, “சுவாமி, நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டிருப்பார்களே” என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அவன் சரிகையை எடுத்தானா, எடுக்கவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. வாக்குமூலம் இருந்தது, உண்மை கிடைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன். ஊற்றச் சொல்லுகிறவர்கள் பலர். தெரிந்தும் சும்மா இருக்கிறவர்கள் அதைவிடப் பலர். நான் அந்த மூன்றாவது கூட்டத்தில் இருந்தேன். உங்களில் எத்தனை பேர் எந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள் என்று உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள்.

படித்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். “சுவாமி, ஊரையே அழிக்கும் வெடிகுண்டு எங்கே இருக்கிறதென்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனை வதைத்தால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள். அப்போதும் கூடாதா?” நியாயமான கேள்விதான். மூச்சு முட்டுகிறவன் உண்மையைச் சொல்லமாட்டான். எதைச் சொன்னால் தண்ணீர் நிற்குமோ அதைச் சொல்லுவான். அல்-லிபி என்ற கைதி எகிப்தில் வதைக்கப்பட்டபோது, ஈராக் தேசம் பயங்கரவாதிகளுக்கு நாசகார ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று சொன்னான். அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு 2003 பிப்ரவரியில் ஐ.நா. சபையிலே பேசினார்கள், அடுத்த மாதமே யுத்தம் தொடங்கிற்று. 2004-ல் அவன் தான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டான். ஆயிரம் பேரைப் பிழைக்கவைக்கும் என்ற வழி எத்தனையோ பேர் செத்த ஒரு யுத்தத்துக்குச் சாக்காயிற்று. மேலும், வெடிகுண்டுக்காகத் திறந்த கதவு வெடிகுண்டோடு மூடிக்கொள்வதில்லை. நகைக்கும் திறக்கும், இரண்டு மார்க் சரிகைக்கும் திறக்கும். வதையால் மெய்யே வந்தாலும், நன்மை விளைவதற்காகத் தீமை செய்யலாகாது என்பது நம் வேதபோதகம். சர்வேசுரனுடைய சாயலாக உண்டாக்கப்பட்டவனை, குற்றவாளியாகவே இருந்தாலும், அப்படி நடத்த ஒருவருக்கும் உரிமை கிடையாது.

இவ்விஷயத்தில் திருச்சபைக்கும் குறையில்லை என்று நான் சொல்லமாட்டேன். 866-ம் வருஷம் பாப்பரசர் முதலாம் நிக்கோலாஸ் பல்கேரிய அரசனுக்கு எழுதிய நிருபத்தில், வதைத்து வாக்குமூலம் வாங்குவது தேவ சட்டத்துக்கும் மனித சட்டத்துக்கும் விரோதம் என்று கண்டித்தார். ஆனால் 1252-ல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்டு, பதிதரை விசாரிக்கையில் வதையைக் கையாள அனுமதி கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் ஸ்பெயின் தேசத்து விசாரணை மன்றத்தில் முகத்தில் துணியிட்டுத் தண்ணீர் ஊற்றும் இதே வழக்கம் நடந்தது. சிலுவையைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டே செய்தார்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சித்திரவதையை மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களில் ஒன்றாகக் கண்டித்தது. 1992-ல் வந்த திருச்சபையின் போதகப் புத்தகம், முற்காலத்து மேய்ப்பர்கள் இதை எதிர்க்காமல் இருந்ததையும் தங்கள் மன்றங்களிலேயே கையாண்டதையும் மறைக்காமல் சொல்லி வருந்துகிறது. தாயாகிய திருச்சபையே தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, பிள்ளைகளாகிய நாம் நம்முடையதை மறைப்பதேன்?

ஆகையால் குடும்பங்களுக்குச் சில வார்த்தை சொல்லுகிறேன்.

வீட்டில் பொருள் காணாமல் போனால், எழுதிப் புகார் கொடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அடித்து விசாரியுங்கள் என்று ஒருக்காலும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப் பணமோ சிபாரிசோ தேடாதீர்கள். யாரையாவது விசாரணைக்குக் கொண்டுபோனால், அவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று பாராமல், இரண்டு பேராகச் சேர்ந்து போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கைது செய்தவனைப் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும் என்பது நம் அரசியல் சட்டம். உறவினருக்குத் தகவல் சொல்லவேண்டும், காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டிருக்கிறது. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கேட்பதற்கு என்னையும் கூப்பிடுங்கள். இந்த முறை நான் வருவேன்.

போலீசில் வேலை செய்யும் பிள்ளைகளை உடைய பெற்றோரே, அவர்கள் வேலை கடினமானது, இரவு பகல் அற்றது என்று அறிவேன். மேலதிகாரி சொன்னான் என்பது சர்வேசுரன் முன் செல்லாது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். சாத்தான்குளத்தில் நடந்ததை, பயந்து நடுங்கிக்கொண்டே, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர்தான். காக்கிச் சட்டைக்குள்ளும் மனச்சாட்சி உண்டு என்று அந்தச் சகோதரி காட்டினாள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் குழந்தையாக இருந்தபோது உங்கள் தலையிலும் ஒருவர் மூன்று தரம் தண்ணீர் ஊற்றினார். உங்கள் பெயரைச் சொல்லி ஊற்றினார். உங்கள் தகப்பனும் தாயும் ஞானப் பெற்றோரும் பக்கத்தில் நின்றார்கள். அந்தத் தண்ணீரால் நீங்கள் சர்வேசுரனுடைய பிள்ளைகளானீர்கள். அதே தண்ணீரைக் கொண்டு இன்னொரு தாயின் பிள்ளையை மூச்சு முட்டச் செய்ய நாம் கை கொடுக்கலாகாது, வாய் கொடுக்கலாகாது, மௌனமும் கொடுக்கலாகாது.

வருகிற முதல் வெள்ளி பூசையைக் காவலில் அடிபட்டு இறந்தவர்களுக்காகவும், அடித்தவர்கள் மனந்திரும்பும்படியாகவும் ஒப்புக்கொடுப்பேன். எல்லாக் குடும்பங்களும் வந்து சேருங்கள். அந்தத் தாய் எங்கே இருந்தாலும், அவளுக்காகவும் அவள் மகனுக்காகவும் ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள்.

உங்கள் ஆத்தும நன்மையை விரும்பும்,
பங்குச் சுவாமியார்