சுவர்கள் யாருக்குச் சாட்சி?

பசித்திருப்போர் நம் நடுவே வாழும்போது, பழைய கட்டடங்களைப் பேணுவதற்குப் பணம் செலவிடுவது முறையா? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இதனைக் கேட்பவர் பெரும்பாலும் ஏழைகள்பால் அக்கறை கொண்டவரே. அவருக்கு அழகைக் காட்டி விடைகூற இயலாது. நீதியைக் கொண்டே விடைகூற வேண்டும்.

செங்கற்பட்டிலிருந்து மின்தொடர் வண்டியில் சென்னைக் கடற்கரை நிலையம் வரை செல்வோர், அதற்கு வடக்கே அடுத்துள்ள இராயபுரம் நிலையத்தை அறிவர். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இந்நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே. இன்னும் வண்டிகள் நின்று செல்லும் அந்நிலையத்தின் பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக்க வேண்டுமென்ற குரல் நெடுநாளாக ஒலித்து வருகிறது.

அவ்வாறு மாறிய நிலையங்கள் உலகில் உண்டு. பாரிசு நகரின் ஓர்சே நிலையம் 1900இல் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் நிறையுமுன்பே நீண்ட வண்டிகளுக்கு அதன் நடைமேடைகள் போதாமற்போயின. 1945இல், போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீண்டோரை வரவேற்கும் இடமாக அது விளங்கிற்று. பின்னர் இடிக்கப்படவிருந்த நிலையில் காப்பாற்றப்பட்டு, 1986இல் புகழ்பெற்ற கலை அருங்காட்சியகமாயிற்று. பயன் முடிந்ததென்று நாம் தீர்ப்பிடும் பொருளுக்கு வேறொரு பயன் காத்திருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

எனினும் பயன் ஒன்றே முழு விடையாகாது. இராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்த ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் பெயரை வரலாறு குறித்து வைத்துள்ளது. அச்சுவருக்குச் செங்கல் அறுத்தவர் யார்? சுண்ணாம்பு அரைத்தவர் யார்? மாமல்லபுரக் கடற்கரையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயை நோக்குவோம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி, 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாகப் பசித்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டது. கால்வாய்க்கோ ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது.

செல்வர் தம் நினைவாக ஓவியமும் கல்வெட்டும் விட்டுச் செல்கின்றனர். ஏழை விட்டுச் செல்வது அவர் செய்த வேலை மட்டுமே. அதனையும் அழித்துவிட்டால், வாழும்போது கூலியில் வஞ்சிக்கப்பட்டவர் இறந்தபின் நினைவிலும் வஞ்சிக்கப்படுகிறார். ஆகவே பழைய சுவரைக் காப்பது, உரிய முறையில் செய்யப்படுமாயின், ஏழைக்கு எதிரான செலவன்று. அவருக்கு நாம் தீர்க்க வேண்டிய கடன்.

உரிய முறை எது? மாமல்லபுரம் செல்லும் வழியில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா நமக்கு ஒரு பாடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகள் இருந்த இடத்தில் பிரிக்கப்பட்டு, அங்கே மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. வணிகரின் பெருமனையோடு நெசவாளர், குயவர், உழவர் ஆகியோரின் இல்லங்களும் அங்கே உள்ளன. கைவினைஞர்கள் வந்து தொழில் செய்து காட்டவும் தம் பொருள்களை விற்கவும் அங்கு இடமுண்டு. உழைத்தவரின் வாழ்வும் காக்கத்தக்கதே என்று அவ்வீடுகள் கூறுகின்றன.

ஆனால் ஓர் ஆபத்தும் இங்குண்டு. குயவரின் பழைய வீட்டைக் கண்டு வியந்துவிட்டு, வெளியே சாலையோரத்தில் பானை விற்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவோமாயின், நாம் கண்டது வெறும் காட்சியே. இறந்த உழைப்பாளியைப் போற்றுவதும் உயிரோடிருப்பவருக்கு நியாயமான விலை கொடுப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடலாகாது.

இக்கடமை நம் பங்குகளுக்கும் உரியது. பழைய ஆலயத்தை இடித்துப் புதியதை எழுப்புவது சில வேளைகளில் தவிர்க்க முடியாததே. புதிய ஆலயத்தில் நன்கொடையாளரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன, அது தகும். ஆனால் பழைய ஆலயத்துக்கு மணல் சுமந்தவர் எவர், கல் உடைத்தவர் எவர் என்பதை அறிந்த முதியோர் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். கடப்பாரையை எடுக்குமுன் அவர்களிடம் சென்று அமர்வோம். அவர்கள் சொல்லும் பெயர்களைப் பங்கின் ஏட்டில் எழுதி வைப்போம். அதற்கு ஒரு குறிப்பேடும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.