வாங்காத நிலத்தின் நீர்

நெய்வேலிக் கரியின் கதை தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கறுப்புத் துகள்களும் மேலே வந்தன. அந்தத் துகள் எதுவென்று ஆராயப் போய்த்தான் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. கரி சொத்தாகக் கணக்கில் ஏறியது. கூடவே வந்த தண்ணீர் அன்றிலிருந்து இன்றுவரை இடைஞ்சலாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இடைஞ்சல் என்பது பொய்யில்லை. கரிப் படுகைக்கு அடியில், கடலூர் மணற்கல் அடுக்கில், நீர் கடும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி உந்துகிறது. மேல்மண்ணை வெட்டி அகற்றிவிட்டால் அந்த உந்துதலை அமுக்கி வைக்கப் பாரம் இருக்காது. சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகும். அதனால் வெட்டும் இடத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவு பகல் பார்க்காமல் இறைக்கிறார்கள். இறைப்பை நிறுத்தினால் உள்ளே வேலை செய்கிறவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ‘இறைக்காதே’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் பொறுப்பான பேச்சு ஆகாது. சுரங்கம் இருக்கும்வரை இறைப்பும் இருக்கும். அப்படியானால், இறைத்த நீர் யாருடையது?

நிறுவனம் நிலத்தை வாங்கியது. இறைக்கிற நீரோ வாங்கிய நிலத்துக்கு அடியில் மட்டும் இருந்ததல்ல. பட்டாவில் போட்ட எல்லைக்கோடு மணற்கல்லுக்குள் இறங்குவதில்லை. வேலிக்கு வெளியே, ஒரு சென்ட் நிலம்கூட எடுக்கப்படாத விவசாயியின் கிணற்று நீரும் அதே அடுக்கிலிருந்து வந்ததுதான். நிலம் கொடுத்தவருக்காவது ஒரு பட்டியலில் பெயர் உண்டு. விலை போதாது என்று வழக்குப் போடலாம், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கேட்டு மறியல் செய்யலாம். நீர்மட்டம் இறங்கியவருக்குப் பட்டியலே கிடையாது. இழந்ததற்கு ரசீது இல்லாத இழப்பு அது.

சட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் வரையறுத்த தடத்தில் ஓடாமல் கசியும் நீரை எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்தவருக்கும் சுரங்க நிறுவனத்துக்கும் இது ஒரே உரிமை. காகிதத்தில் சமம், நிலத்தடியில் யார் ஆழமாகப் போகிறாரோ அவருக்கே எல்லாம். தமிழ்நாடு நிலத்தடி நீருக்கென்று 2003இல் ஒரு சட்டம் இயற்றி, 2013இல் அதை நீக்கியும்விட்டது. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் கமல்நாத் வழக்கில் ஏற்றது. அதை நிலத்தடி நீருக்கும் பொருத்தி, பிளாச்சிமடை வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003இல் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. எது நியாயம் என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சட்டமாக்கத்தான் ஆளில்லை.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் நீரை இறைப்பது சுரங்கம் மட்டும்தானா? பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரமெங்கும் நெல்லுக்கும் கரும்புக்கும் போர்வெல் ஓடுகிறது. விவசாய மின்சாரம் இலவசம். மழையும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோல் இல்லை. ஒரு குறிப்பிட்ட கிணறு வற்றியதற்குச் சுரங்கமே காரணம் என்று எப்படிச் சொல்வது? நேர்மையான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் சுமை யார் தலையில் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது. சுரங்கத்தின் பக்கம் நீர்மட்டத்தை அளக்கும் கிணறுகள் உண்டு, நிலநீர் வல்லுநர்கள் உண்டு, பல ஆண்டுகளின் பதிவுகள் உண்டு. விவசாயியிடம் இருப்பது, அப்பா காலத்தில் எத்தனை அடி, இப்போது எத்தனை அடி என்று குழாய் இறக்கிய கணக்கு ஒன்றுதான். அளவுகோல் ஒருவர் கையிலும் நிரூபிக்கும் பொறுப்பு மற்றவர் கையிலும் இருக்கும் ஏற்பாட்டை அறமென்று ஏற்க முடியாது. இறைப்பால் லாபம் பெறுகிறவர்தான், இறைப்பால் கேடு இல்லை என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவரை கேடு உண்டென்றே கொள்ள வேண்டும்.

இறைத்த நீர் வீணாகவில்லை என்பது அடுத்த வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போனது போக, மீதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே பயிர் விளைகிறது. இந்த நன்மையைச் சுரங்கத்தை எதிர்ப்பவர்கள் பேசாமல் விடுவது சரியல்ல. ஆனால் ஒரு ஊரின் கிணற்று நீர் இன்னொரு ஊரின் ஏரியில் நிரம்பினால், முதல் ஊருக்குக் கடன் தீர்ந்துவிடாது. ஏரிப் பாசனக்காரருக்கும் அது உரிமையாக வரவில்லை. எத்தனை காலம், எவ்வளவு, என்ன தரத்தில் என்ற உறுதி இல்லாமல் சலுகையாக வருகிறது. நெய்வேலி வட்டார நீரில் கன உலோகங்கள் கலந்திருப்பதாகச் செய்தி வந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2023இல் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கரி ஒருநாள் தீரும். அன்று மோட்டாரும் நிற்கும். சுரங்க நீரை நம்பிச் சாகுபடி செய்து பழகியவர்கள் அன்று யாரைப் போய்க் கேட்பார்கள்?

அதே 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நடந்தது இன்னும் நினைவிருக்கும். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டவேண்டியிருந்தது. முன்பே கையகப்படுத்திய நிலம்தான். ஆனால் நெல் நின்றிருந்தது. அறுவடைவரை பொறுக்காமல் பொக்லைன் இறங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் வேதனை தெரிவித்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மழை வந்தால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் என்பது நிறுவனத்தின் அவசரம். தண்ணீரால் சுரங்கத்துக்கு ஆபத்து என்றால் அது ஒருநாளும் பொறுக்காத அவசரம். தண்ணீர் இல்லாமல் ஊருக்கு ஆபத்து என்றால் அது மேலும் ஆய்வு செய்யவேண்டிய விஷயம்!

நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. கர்நாடகம், கேரளம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போகிறது. அந்த மின்சாரத்தின் விலையில் வற்றிய கிணறு சேரவில்லை. சேர்த்தால் கட்டணம் கொஞ்சம் ஏறும் என்றால் ஏறட்டும். அது இன்றைக்கும் யாரோ கட்டிக்கொண்டிருக்கிற தொகைதான். போர்வெல்லை ஆழப்படுத்த வட்டிக்கு வாங்கியவர் கட்டுகிறார்.

நீர்மட்டப் பதிவுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். இறைப்பின் பாதிப்பு எட்டும் தூரம்வரை கிணறுகளை ஆழப்படுத்தும் செலவைச் சுரங்கமே ஏற்க வேண்டும். ஏரிகளுக்கு விடும் நீரின் அளவையும் தரத்தையும், சுரங்கம் மூடிய பிறகான ஏற்பாட்டையும் அரசாணையாக எழுதித் தர வேண்டும். 2011இல் நவரத்னா தகுதி பெற்ற நிறுவனத்துக்கு இது தாங்க முடியாத செலவு அல்ல.